வெள்ளை ராணிக்கு ஒரு சேலை

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ பாதிப் பேச்சில் போனை வைத்ததற்கு நான் கோபப்படவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்தில் உறை வந்தாலே, "அம்மா திட்டி எழுதியிருப்பாங்க, நீயே பிரிச்சுப் படி" என்று அபிராமியிடம் நீட்டுகிறவன் நீ. இந்த உறையை நீயே பிரி, நீயே படி. படித்த பிறகு உன் மனைவியிடம் காட்டுவதும் காட்டாததும் உன் பொறுப்பு. போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் உன் தமிழைத் திருத்துவேன், சொல்ல வேண்டியது சொல்லப்படாமலே போகும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் உன்னிடம் சொன்னது இவ்வளவுதான். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, இங்கே கோவையில், சதுரங்கத்தைப் பற்றிய ஒரு பாட்டு நாடகத்தில் வெள்ளை ராணியாக மேடை ஏறப் போகிறேன். வெள்ளைச் சேலை வாங்கியாயிற்று. நீ சென்னையிலிருந்து வந்து பார்க்க வேண்டும். நீ, "அப்பா போனப்ப கட்ட மாட்டேன்னீங்க. இப்பக் கூத்துக்குக் கட்டுவீங்களாமா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். இருபத்திரண்டு வருடமாக வெள்ளை கட்ட மறுத்து, அதற்காகச் சொந்தத்தில் பாதிப் பேரை இழந்த விதவையிடம் அவள் மகன் கேட்கக்கூடிய நியாயமான கேள்விதான். உனக்குத் தெரிந்திருப்பதைவிட நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் ஐந்து நாளாக யோசிக்கிறேன். ஆனால் முதலில் அந்த நாடகம் என்ன என்று உனக்குச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்த வயதில் எனக்கு என்ன பிடித்துக்கொண்டது என்பதே உனக்குப் புரியாது.

சென்ற வருடம் எதிர்வீட்டு அம்மாள் தன் கால்வலியால் போக முடியவில்லை என்று ஒரு சீட்டைக் கொடுத்தார். சதுரங்கத்தை வைத்துப் பாட்டு நாடகமா, அதில் பாட என்ன இருக்கிறது என்ற ஆச்சரியத்தில்தான் போனேன். மேடை முழுவதும் விரித்த துணியில் அறுபத்து நான்கு கட்டம். முப்பத்திரண்டு பேர். ஆட்டத்தை ஆடுகிற இரண்டு பேரும் மேடைக்கு வருவதே இல்லை. மேலிருந்து ஒரு கையின் நிழல் விழும். அந்த நிழல் யார் மேல் விழுகிறதோ அவர் பாடுவார், பாடி முடித்ததும் நகர்வார். ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே ஓர் ஆட்டம். சிப்பாய்கள் எல்லோரும் பனியன் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். குதிரைகள் ஜமாப் மேளத்துக்கு இரண்டடி நேராகவும் ஓரடி பக்கமாகவும் ஆடினபோது என் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். யானையாக வந்த இரண்டு கனத்த மனிதர்கள் ஆட்டத்தின் பாதி நேரம் மூலையில் சும்மா நின்றார்கள். நின்றபடியே அவர்கள் பாடிய பாட்டுக்கு நான் வாய்விட்டுச் சிரித்தேன். பன்னிரண்டு வயதில் கான்வென்ட்டில் கற்றுக்கொண்ட ஆட்டம் அது, கண்ணு. அந்தக் காய்களுக்கெல்லாம் தாங்கள் எங்கே போகிறோம் என்பது தெரியாது என்று இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட எனக்குத் தோன்றியதில்லை. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் வாசலில் சீட்டுக் கிழித்தவர், "ஏனுங்கம்மா, உங்க பேரப்புள்ளைக யாராச்சும் நடிக்கறாங்களா?" என்று கேட்டார்.

ஆனால் ஒரு தப்பு இருந்தது. மூன்று நாளும் என்னால் அதைச் சகிக்க முடியவில்லை. பலகை திரும்பியிருந்தது. ஆடுகிறவரின் வலது கை ஓரத்தில் வெள்ளைக் கட்டம் வர வேண்டும். எங்கள் சிஸ்டர் முதல் நாள் சொல்லிக் கொடுத்த முதல் வாக்கியம் அதுதான். பலகையைத் தப்பாக விரித்தால் அவர் காய்களைத் தொடவே விடமாட்டார். இங்கே அந்த ஓரத்தில் கறுப்புக் கட்டம். அதனால் வெள்ளை ராணி கறுப்புக் கட்டத்தில் நின்றாள். கடைசி நாள் திரை விழுந்ததும் மேடைக்குப் பின்னால் போய், யார் இதற்குப் பொறுப்பு என்று கேட்டேன். பல் டாக்டர் ரேவதி வந்தாள். பகலில் பல் பிடுங்குகிறாள், சாயங்காலம் நாடகம் போடுகிறாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"தெரியுமுங்கம்மா. வெள்ளைச் சேலைக்காரங்க வெள்ளைக் கட்டத்துல நின்னா எடுப்பாத் தெரியறதில்லீங்க. அதுக்குத்தான் திருப்பிப் போட்டோம்."

"எடுப்பாத் தெரியலீன்னா விளக்கை மாத்து. விதியை மாத்தாதே" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க டீச்சருங்களா?"

"இல்லை. ஆனா இருந்திருக்கணும்."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இந்த வருடம் மறுபடி போடுவதாக முடிவானதும் ரேவதி நேராக நம் வீட்டுக்கு வந்தாள். புதிதாகத் துணி வாங்கி, கட்டங்களைச் சரியாகவே வரைந்துவிட்டார்களாம். வெள்ளை ராணியாகப் பாடிய பாட்டு டீச்சர், கணவருக்கு மாற்றல் ஆனதால், மைசூர் போய்விட்டார். "நீங்க வாங்கம்மா. கான்வென்ட்ல பாட்டுக் குழுவுல இருந்தேன்னு அன்னைக்குச் சொன்னீங்கள்ல" என்றாள். எனக்கு எழுபத்தாறு ஆகிறது என்றேன். "ராணிக்கு இத்தனை வயசுதான்னு விதி எங்காச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். என் ஆயுதத்தாலேயே என்னை மடக்கினாள். நான் ஒப்புக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை, உன்னிடமும்.

ஒத்திகைக்குப் போன முதல் வாரமே சண்டை போட்டேன் என்று சொன்னால் நீ நம்புவாய். ஆட்டம் முடியும் தறுவாயில் வெள்ளை ராணியை வெட்டுக் கொடுத்து, ஒரு சிப்பாயால் எதிரி ராஜாவைக் கட்டிப்போடுகிறார்கள். வெட்டுப்படுவதற்கு முன் அவள் பாட வேண்டிய பாட்டில் வரிக்கு வரி, தருகிறேன், மகிழ்ந்து என்னையே தருகிறேன் என்று இருந்தது. எனக்குப் பாட வரவில்லை. ரேவதி சுருதி சரியில்லையா என்றாள். சுருதி சரிதான், சேதி பொய் என்றேன். அவள் எங்கே தந்தாள்? மேலே இருக்கிற கை அவளைத் தூக்கி அங்கே வைத்தது. அவளுக்கு வேறு வழி ஏது? இரண்டு நாள் தர்க்கத்துக்குப் பிறகு வரிகளை மாற்றினார்கள். இப்போது அவள் மேலே பார்த்து, இது யார் கை, என்னைக் கேட்காமல் ஏன் தூக்கினாய் என்று கேட்கிறாள். பதில் வருவதில்லை. அவள் நடந்து போகிறாள். அதைப் பாடும்போது எனக்குள் ஏதோ நடக்கிறது, கண்ணு. அது என்னவென்று தெரிந்துகொள்ளும் ஆவலில்தான் தினமும் ஐந்து மணிக்கு ஆட்டோ பிடித்து ஓடுகிறேன்.

உன் அப்பா கேட்டிருந்தால் முதல் பாட்டிலேயே எழுந்து போயிருப்பார். அவர் அந்தக் காயை ராணி என்று ஒரு நாளும் சொன்னதில்லை, நினைவிருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் ஆடும்போது நீ தரையில் படுத்துக்கொண்டு கேட்பாய். அவருக்கு அது மந்திரி. "சண்டைக்குப் போறவன் மந்திரி. ராணிக்கு அங்க என்ன வேலை அம்மணி?" என்பார். இங்கிலீஷில் குயின்தானுங்க என்பேன். "அப்ப இங்கிலீஷ்லயே தோத்துட்டுப் போ" என்பார். நான் ராணியை நகர்த்துவேன், அவர் என் மந்திரியை வெட்டுவார். இருபத்தேழு வருடம் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே மரக்கட்டை. அவருக்கு அது உத்தியோகத்தில் இருக்கிற ஆண், எனக்கு அது வீட்டுக்காரி. பெயரை மாற்றினால் பொருளே மாறிவிடுமா, அல்லது மாறுவது பார்க்கிற கண் மட்டும்தானா என்று அப்போது யோசிக்கவில்லை. சேலை வாங்கப் போன அன்று யோசித்தேன். நாடகத்தில் அவரவர் உடையை அவரவரே கொண்டு வர வேண்டும். நம் தெருவைத் தாண்டி இருக்கிற கடைக்குப் போய், கரை இல்லாத வெள்ளைப் பருத்திச் சேலை வேண்டும் என்றேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏனுங்கம்மா, யாரு தவறிட்டாங்க?" என்றார். யாரும் தவறவில்லை, ராணிக்கு என்றேன். அவர் பில் போடுகிற பெண்ணைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அந்தச் சிரிப்போடுதான் உனக்குப் போன் செய்தேன்.

இனி நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

உன் அப்பாவின் காரியத்தன்று, கொடுமுடியிலிருந்து உன் பெரிய மாமா பித்தளைத் தட்டில் வெள்ளைச் சேலை கொண்டு வந்தார். பிறந்த வீட்டார் கொண்டு வந்து போடுவது நம் பக்கத்து வழக்கம். அவர் கெட்டவர் இல்லை. நான் கட்ட மாட்டேன் என்றேன். கூடத்தில் அறுபது பேர் இருந்தார்கள். உனக்கு அப்போது இருபத்தாறு வயது, மொட்டையடித்த தலையோடு நின்றாய். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நீ மாமா கையிலிருந்து தட்டை வாங்கினாய். என்னிடம் நீட்டப் போகிறாய் என்றுதான் நினைத்தேன். வெளியே போய் அவர் காரிலேயே அதை வைத்துவிட்டு வந்தாய். "மாமா, கோவிச்சுக்காதீங்க. அம்மா வேண்டாம்ன்னா வேண்டாமுங்க" என்றாய். அதற்குப் பிறகு மாமா சாகும்வரை நம் வாசற்படி ஏறவில்லை. அதற்காக நீ ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. நானும் உனக்கு நன்றி சொன்னதில்லை. பெற்ற பிள்ளைக்கு நன்றி என்ன என்று நினைத்திருந்தேன். அது தப்பு. இப்போது சொல்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து நீ பல்லடத்துப் பெண்ணைப் பற்றிச் சொன்னாய். உன்னோடு வேலை பார்த்தவள். அவர்கள் வீட்டில் வந்து பேசுவார்கள் என்றாய். நீ வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் அவள் அப்பா தனியாக வந்தார். தறி வைத்திருந்தவர், மரியாதை தெரிந்த மனிதர், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அன்று நடந்ததாக நான் உனக்குச் சொன்னது ஒரே வரி: "அவங்களுக்கு இஷ்டம் இல்லையாமா கண்ணு." அது உண்மை இல்லை.

அவர் சொன்னது இதுதான். ஒரு சொல்லும் மாறாமல் எனக்கு நினைவிருக்கிறது. "ஏனுங்கம்மா, எங்களுக்கு முழுச் சம்மதமுங்க. பையனைப் பத்தி ஒரு குறையும் இல்லீங்க. எங்கம்மா ஒருத்தங்கதான் ஒத்துக்க மாட்டீங்கறாங்க. நிச்சயத்தன்னைக்கு ஒரு நாள் மட்டும் நீங்க வெள்ளை கட்டிட்டு வந்து உக்காந்தீங்கன்னாப் போதுமுங்க. அப்புறம் நீங்க என்ன கட்டுனாலும் நாங்க கேக்க மாட்டோமுங்க." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கே வெட்கமாக இருந்தது. நான், "காப்பி ஆறுதுங்க, குடிங்க" என்றேன். அவர் குடித்தார். "எங்க வீட்டுல அது நடக்காதுங்க" என்றேன். கும்பிட்டுவிட்டு எழுந்து போனார். எல்லாம் கால் மணி நேரம் இருக்கும்.

சாயங்காலம் நீ வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "என்னம்மா சொன்னாங்க?" என்றாய். நான் அந்த ஒரு வரியைச் சொன்னேன். நீ ஏன் என்று கேட்கவில்லை. நான் வெள்ளை கட்டாததுதான் காரணம் என்று நீயே ஊகித்திருப்பாய். அதை என் முன்னால் சொல்லி என்னை நோகடிக்க வேண்டாம் என்று விட்டிருப்பாய். ரசமே பிடிக்காத நீ அன்று இரண்டு முறை ரசம் வாங்கி ஊற்றிக்கொண்டாய். எனக்கு அது போதுமாக இருந்தது, உனக்கு எவ்வளவு வலிக்கிறது என்று தெரிந்துகொள்ள. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஆறு மாதம் கழித்து அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது.

அபிராமி வந்தது உன் அதிர்ஷ்டம், என் அதிர்ஷ்டம். அவளுக்கு ஈடு யாருமில்லை. ஆனால் ஒரு நல்லது பின்னால் வந்ததால் முன்னால் செய்த தப்பு சரியாகிவிடாது. உனக்கு ஒரு வழி இருந்தது, ஒரு நாள் சேலைதான் அதற்கு விலை, அப்படி ஒன்று இருந்ததே உனக்குத் தெரியாதபடி நான் செய்துவிட்டேன். இப்போது உன் கேள்வியைத் திரும்பப் படித்துப் பார். "இப்பக் கூத்துக்குக் கட்டுவீங்களாமா?" நீ அப்பாவின் காரியத்தை நினைத்துக் கேட்டாய். எனக்குக் கேட்டது வேறு. உனக்காக ஒரு பகல் கட்டாததைக் கைதட்டலுக்காக இரண்டு மணி நேரம் கட்டுகிறாளே என்று கேட்டது.

ஏன் என்று என்னையே குடைந்து பார்த்தேன். சதுரங்கத்தில் வெள்ளை துக்கம் இல்லை, வெள்ளைதான் ஆட்டத்தைத் தொடங்கும் என்று முதலில் ஒரு பதில் கிடைத்தது. அழகான பதில். ரேவதியிடம் சொன்னால் அதற்கும் மெட்டுப் போட்டுவிடுவாள். மேடையில் நானே எடுத்துக் கட்டுகிறேன், அன்று அடுத்தவர்கள் கட்டச் சொன்னார்கள் என்று இரண்டாவது பதில். அது உண்மைதான். வெள்ளை கட்ட மறுத்ததற்காக நான் இன்றும் வருந்தவில்லை; மறுபடி அந்தத் தட்டு வந்தாலும் மறுப்பேன். ஆனால் இந்த இரண்டும் நான் ஏன் மறுத்தேன் என்பதற்குத்தான் பதில். நான் ஏன் மறைத்தேன் என்பதற்கு இல்லை.

புதன்கிழமை ஒத்திகையில் கையின் நிழல் என் மேல் விழுந்தபோது அந்தப் பதில் தெரிந்தது. பாட்டை நிறுத்திவிட்டேன். கீபோர்டுக்காரர் மறுபடி ஆரம்பித்தார், மறுபடி நின்றேன். என்னைக் கேட்காமல் ஏன் தூக்கினாய் என்று ஒரு மாதமாக நான் மேலே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்த கை என்னுடையதாகவே இருந்தது, கண்ணு. அந்தக் கட்டத்தில் நின்றவன் நீ. பல்லடத்துக்காரர் சொன்னதை உன்னிடம் சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? வேண்டாமுங்கம்மா என்றும் சொல்லியிருக்கலாம், தட்டைக் காரில் வைத்தவன்தானே நீ. ஆனால் ஒருவேளை, அந்த ஒரு நாள் மட்டும் கட்டிக்குங்கம்மா என்று கேட்டிருக்கலாம். நீ கேட்டிருந்தால் நான் கட்டியிருப்பேன். உனக்காகக் கட்டியிருப்பேன் என்பது எனக்கு அப்போதே தெரியும். அதனால்தான் உன்னைக் கேட்கவே விடவில்லை.

என்னை மன்னித்துவிடு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கேட்டவுடன் கொடுத்துவிடுகிற சுபாவம் உனக்கு, அப்படிக் கிடைப்பது எனக்கு வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் மகள் எந்தக் கல்லூரியில் என்ன படிப்பது என்று நீயும் அபிராமியும் இப்போது பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கல்லூரியிலிருந்து அவளுக்கு வருகிற கடிதத்தை அவளிடம் கொடு. எவ்வளவு நல்ல எண்ணமாக இருந்தாலும், நீங்கள் முடிவு செய்துவிட்டு அவளுக்குச் சேதியை மட்டும் சொல்லாதீர்கள். நானும் நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்று பல வருடம் நினைத்திருந்தேன்.

நாடகத்தைப் பற்றி இனி நீதான் முடிவு சொல்ல வேண்டும். இதை அனுமதி என்று நினைக்காதே. உன் அப்பா இருந்தபோதே நான் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. அன்று உனக்கு வந்த கேள்விக்கு உன்னைக் கேட்காமல் நான் பதில் சொன்னேன். இந்த ஒரு கேள்விக்கு என்னைக் கேட்காமல் நீ பதில் சொல். ரேவதியிடம் பேசிவிட்டேன். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணுக்கு என் பாட்டுகளையெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சுருதி என்னைவிட நன்றாக நிற்கிறது. 'ழ' மட்டும் சுமார், அதையும் பத்து நாளில் சரி செய்துவிடுவேன். சேலை அவளுக்கும் போதும். நீ வேண்டாம் என்றால் அவள் நிற்பாள், நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன். முகம் தூக்க மாட்டேன். எனக்கு இந்த நாடகத்தில் நிற்க எவ்வளவு ஆசை என்று இத்தனை பக்கம் படித்த உனக்குத் தெரிந்திருக்கும். ஆசை இல்லாததை உன் கையில் கொடுப்பதில் அர்த்தமில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சொல். "உங்க இஷ்டமுங்கம்மா" என்பது பதில் ஆகாது. அப்படிச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவேன். நில்லுங்க அல்லது வேண்டாம், இரண்டில் ஒன்று. வேண்டாம் என்றால் காரணம் எழுதத் தேவையில்லை. நான் கேட்க மாட்டேன்.

உன் அம்மா